முன் நின்ற பூச்சியம்

(தமிழ் ஆனர்ஸ், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன்)

தமிழ் பயில்வோனுக்குக் கணிப்பொறியோடு என்ன உறவு என்று நண்பர் பலர் என்னை நகையாடியதுண்டு. நன்னூலை ஒருபுறம் விரித்துவைத்துக்கொண்டு மறுபுறம் விசைப்பலகையைத் தட்டும் இவன் இரண்டிலும் தேறப்போவதில்லை என்று விடுதியில் என் அறைத்தோழர் தீர்ப்பே கூறிவிட்டார். அவர்க்கு விடை கூறுவது ஈண்டு என் நோக்கமன்று. சென்ற ஆண்டில் நான் செய்த பிழையொன்றையும், அதனால் முதியவர் ஒருவர் வெறுங்கையோடு திரும்பிச் சென்றதையும், அதன் வாயிலாக நான் கற்ற பாடத்தையும் மறையாது எழுதிவிடுதல் நன்றென்று தோன்றியமையால் இக்கட்டுரையை வரையத் துணிந்தேன்.

நம் கல்லூரி நூல்நிலையத்தை அறியாதார் இலர். ஆயினும் அதன் உள்ளறையில் இரும்பு அலமாரிக்குள் துயிலும் நூற்சேர்க்கைப் பதிவேடுகளைக் கண்டோர் மிகச் சிலரே. நூல் கல்லூரிக்கு வந்த நாள், அதன் பெயர், ஆசிரியர், விலை, அதற்கு இட்ட எண் ஆகிய யாவும் அவற்றில் வரிவரியாக எழுதப்பெற்றுள்ளன. மை மங்கிவிட்டது, தாளின் ஓரங்கள் பொடிந்துவிட்டன. சென்ற கோடை விடுமுறையில் இவற்றையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றிவிட வேண்டுமென்று நூலகர் அம்மையார் விரும்பினார். "தம்பி, உனக்குப் பைத்தான் எழுத வருமாமே! பதிவேட்டைப் பார்த்துப் பிள்ளைகள் தட்டெழுதிக் கொடுத்துவிடுவார்கள். கேட்ட நூலைத் தேடிக் காட்டும்படி ஒரு புரோகிராம் நீ செய்து தருவாயா?" என்று கேட்டார். ஊருக்குச் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டு, மகிழ்வோடு இசைந்தேன்.

பதிவேட்டில் இருவகை எண்கள் இருந்தன. விலைக்கு வாங்கிய நூல்களுக்கு 0001 முதலாக நான்கு இலக்க எண்கள் இடப்பட்டிருந்தன. பழைய மாணவரும் பிற அன்பரும் வழங்கிய நூல்களுக்குத் தனி வரிசை உண்டு. அவ்வரிசை எண்களின் முன், நன்கொடை என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய 'ந' நின்றது. ஆகவே 0417 என்பது ஒரு நூல். ந/0417 என்பது வேறொரு நூல். பதிவேட்டை எழுதிய பழைய நூலகர் இதில் ஓரிடத்திலும் வழுவவில்லை.

வழுவியவன் நானே. எண்ணுக்கு இடப்பக்கம் நிற்கும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று சிறு வகுப்பில் படித்திருந்தேன். 'ந' என்பதோ எழுத்து. எண் வேண்டுமிடத்தில் எழுத்துக்கு என்ன வேலை என்று எண்ணினேன். ஆதலின் இலக்கமல்லாத யாவற்றையும் நீக்கி, எஞ்சியதை முழுவெண்ணாக மாற்றிக்கொள்ளுமாறு நிரலை எழுதினேன். 0417 என்பது 417 ஆயிற்று. ந/0417 என்பதும் 417 ஆயிற்று. இரண்டும் ஒன்றாகிவிட்டதை நான் உணரவில்லை.

நல்ல நிரல் எழுதுவோர் தம் நிரலைத் தாமே சோதித்துப் பார்ப்பர் என்பதை அறிந்திருந்தேன். நிரலின் சிறு பகுதி ஒன்றைத் தனியே எடுத்து, தெரிந்த பொருளை அதனிடம் கொடுத்து, வரவேண்டிய விடை வருகிறதா என்று பார்த்தலே அலகுச் சோதனையாகும். 1990களில் கென்ட் பெக் என்பார் ஸ்மால்டாக் மொழிக்கென ஒரு சோதனை முறையை வகுத்தார். அதன் வழித்தோன்றல்கள் இன்று பல மொழிகளில் வழங்குகின்றன. பைத்தானிலும் அத்தகையதொன்று உண்டு. நானும் ஐந்து சோதனைகள் எழுதினேன். 1, 2, 25, 300, 1250 என்னும் எண்களைக் கொடுத்தேன். அவையே மீண்டு வந்தன. திரையில் 'ஓகே' என்று தோன்றியது. பரீட்சையில் முதல் வகுப்பு வந்தவனைப்போல் அன்றிரவு உறங்கினேன்.

கல்லூரி திறந்தபின் ஒரு நாள் பிற்பகல். நூலகர் அம்மையார் விடுப்பில் இருந்தார். மேசையருகில் நான் மட்டும் இருந்தேன். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், வெள்ளை வேட்டியும் கையில் குடையுமாக உள்ளே வந்தார். தாமும் இக்கல்லூரியில் பயின்றவர் என்றும், தமக்கு முன் தம் தந்தையாரும் இங்கே பயின்றவர் என்றும் கூறினார். தந்தையார் தாம் படித்த இலக்கண நூல் ஒன்றை, ஓரங்களில் தம் கைப்படக் குறிப்பெழுதி, பிற்காலத்தில் கல்லூரிக்கே கொடுத்துவிட்டாராம். "அதை எடுத்துப்போக வரவில்லை, தம்பி. ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன். அப்பா கையெழுத்து என் வீட்டில் ஒரு துண்டுகூட இல்லை" என்றார்.

நூலின் பெயரைக் கேட்டுத் தட்டினேன். 'இல்லை' என்றது பொறி. தந்தையாரின் பெயரைக் கொண்டு தேடினேன். அப்போதும் 'இல்லை' என்றது. நான் எழுதிய நிரலை நான் ஐயுறுவேனா? "அப்படி ஒரு நூல் இங்கே இல்லை, ஐயா" என்று உறுதியாகச் சொன்னேன். அவர் சிறிது நேரம் அலமாரிகளை நோக்கி நின்றார். பின்பு, "இருக்கட்டும் தம்பி, எத்தனையோ காலம் ஆயிற்று" என்று சொல்லிவிட்டு, வருகையேட்டில் தம் விலாசத்தை எழுதிவைத்துச் சென்றார்.

இரண்டு நாள் கழித்து அம்மையாரிடம் இதனைக் கூறினேன். அவர் ஒன்றும் பேசாது உள்ளறைக்குச் சென்று, நன்கொடை அலமாரியின் மூன்றாம் தட்டிலிருந்து ஒரு நூலை எடுத்து என் கையில் வைத்தார். முதுகில் பழுப்பேறிய சீட்டு, அதில் ந/0417. ஓரங்களெல்லாம் நீலமையில் நுண்ணிய எழுத்து. என் முகம் வெளிறியிருத்தல் வேண்டும். அவர் என்னைக் கடியவில்லை. "போய் உன் புரோகிராமைக் கேள்" என்று மட்டும் சொன்னார்.

கேட்டேன். நான் கையாண்ட அமைப்பில் ஒரே எண்ணுக்கு இரண்டு பதிவுகள் வந்தால், பின்வந்தது முன்வந்ததை ஓசையின்றி அழித்துவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். நன்கொடைப் பதிவுகள் முதலில் ஏறின. விலைக்கு வாங்கியவை பின்னர் ஏறின. ஆகவே நன்கொடை வரிசை முழுவதுமே அழிந்துபோயிருந்தது. அந்நூல்களை நாடுவோர் அரியராதலின் யாரும் அதனை அறிந்திலர். பொறி பொய் சொல்லவில்லை; அதற்கு நான் கொடுத்த பட்டியலில் அந்நூல் உண்மையாகவே இல்லை.

இப்பிழையின் வேர் எங்கே உள்ளது என்று பலநாள் சிந்தித்தேன். விடை எனக்குக் கிடைத்தது நன்னூல் வகுப்பிலேதான். பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பவணந்தி முனிவர் பகுத்தமையை யாவரும் அறிவர். ஆசிரியர் அதனை விளக்கிக்கொண்டிருக்கையில், ந/0417 என்பதும் ஓர் இடுகுறிப் பெயரே அன்றோ என்று என் மனத்தில் பட்டது. அது இலக்கங்களால் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அது எண்ணிக்கையன்று. நானூற்றுப் பதினேழையும் ஐந்தையும் கூட்டலாம்; 0417 என்னும் நூலையும் 0005 என்னும் நூலையும் கூட்டுவார் உளரோ? கூட்டவும் கழிக்கவும் இடமில்லாத ஒன்றை எண்ணாகக் கொள்ளுதல் பிழை. அது பெயர், பெயரை எழுத்துக்கள் கோத்த சரமாகவே கணிப்பொறியில் வைத்தல் வேண்டும். நம் விடுதியில் ஒரே பெயருடையார் மூவர் உளர். அவர்களைப் பிரித்துக் காட்டுவது முன் நிற்கும் தலையெழுத்து ஒன்றே. அதனை வீணென்று நீக்கினால், ஒருவர்க்கு வந்த மணியார்டர் மற்றொருவர் கைக்குப் போகும். நான் நூல்களின் தலையெழுத்தை அழித்தவன் ஆனேன்.

இவ்வுண்மை நம் பதிவேட்டோடு நிற்பதன்று. இன்று அச்சாகும் நூல்களின் பின்னட்டையில் காணும் ஐ.எஸ்.பி.என். என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கார்டன் ஃபாஸ்டர் என்னும் பேராசிரியர் 1966-இல் வகுத்த ஒன்பது இலக்க முறையிலிருந்து இது பிறந்தது. 1970-இல் பத்து இலக்கங்கொண்ட உலகப் பொதுமுறையாயிற்று. 2007 ஜனவரி முதல் பதின்மூன்று இலக்கங்களாக வழங்குகிறது. அதன் உறுப்புக்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. 978 என்னும் முன்னொட்டுக்குப்பின் 81 அல்லது 93 வரின் அஃது இந்தியாவில் வெளியான நூல். 0 அல்லது 1 வரின் ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் நூல். எனவே பத்திலக்க எண்ணின் முன் நிற்கும் பூச்சியம் அந்நூலின் ஊர்ப்பெயர் போன்றது. மதிப்பில்லை என்று அதனைத் தள்ளுதல் எவ்வாறு பொருந்தும்?

ஈற்றிலக்கமோ காவற்காரன் போன்றது. 0-306-40615-2 என்பதை நோக்குக. இலக்கங்களை முறையே 10, 9, 8 என இறங்குமுகமாக 1 வரையில் பெருக்கிக் கூட்டினால் 132 வரும்; அது 11-ஆல் மீதமின்றி வகுபடும். ஓரிலக்கம் மாறினாலும், இரண்டு இலக்கங்கள் தம்முள் இடம் மாறினாலும் அங்ஙனம் வகுபடாது. தட்டெழுதியவர் தவறினார் என்று அப்போதே அறியலாம். இவ்வழகில் மயங்கிய நான் இதனையும் நிரலில் சேர்த்திருந்தேன். ஆனால் இங்கும் ஒரு வலை விரிந்திருந்தது. நான் வலப்பக்கத்திலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தேன். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே. ஆகவே முன் நின்ற பூச்சியம் உதிர்ந்து 306406152 என்று ஒன்பது இலக்கமாய் நின்றபோதும் கூட்டுத்தொகை அதே 132. 'சரி' என்றே என் நிரல் சொல்லிற்று. இலக்கங்களின் எண்ணிக்கையையும் உடன் பார்க்காவிடின், தொலைந்த பூச்சியத்தைக் காவற்காரனும் காணான்.

இன்னும் சில நுட்பங்கள் உள. மீதத்துக்கேற்ப ஈற்றிலக்கம் பத்தாக வேண்டியவிடத்தில், ஓரிலக்கத்தில் பத்தை எழுத இயலாமையின், ரோமானியர் பத்துக்கு வழங்கிய 'எக்ஸ்' என்னும் எழுத்தை இடுவர். எழுத்தையெல்லாம் நீக்கும் என் நிரல் அதனையும் விழுங்கிவிட்டது. பத்திலக்க எண்ணைப் பதின்மூன்றாக்கும்போது முன்னே 978 சேர்த்தால் மட்டும் போதாது. பதின்மூன்றிலக்க முறையில் ஈற்றிலக்கக் கணக்கே வேறாதலின், மேற்காட்டிய எண் 978-0-306-40615-7 என்று ஈறு திரிந்து வரும். 979 என்று தொடங்கும் எண்ணுக்கோ பத்திலக்க வடிவமே கிடையாது. அன்றியும், பைத்தான் தமிழ் இலக்கங்களையும் இலக்கமென்றே ஏற்கும். ௪௧௭ என்று எழுதிக் கொடுத்தாலும் அதனை 417 என்னும் முழுவெண்ணாக ஆக்கிவிடும். தமிழ் மாணவனாகிய எனக்கு இது மகிழ்ச்சியே. ஆயினும் பழைய நூலொன்றில் எவ்வாறு எழுதியிருந்தது என்னும் செய்தி அதனால் மறைந்துபோகிறது.

விரிதாளில் தட்டெழுதும்போதே நேரும் கேடும் உண்டு. பதின்மூன்று இலக்க எண்ணைக் கண்டதும் அதனைப் பெருந்தொகை என்று கருதிச் சுருக்கிக் காட்டுதலும், முன் நிற்கும் பூச்சியத்தைத் தின்றுவிடுதலும் அதன் இயல்பு. சில மரபணுக்களின் பெயர்கள் மாதப்பெயர்களை ஒத்திருந்தமையால் விரிதாள்கள் அவற்றைத் தேதியாக மாற்றிவிட்டன. ஆராய்ச்சித் தாள்களில் பிழை மலிந்தமையின், மரபணுக்களுக்குப் பெயரிடும் உலகக் குழுவினர் 2020-இல் அப்பெயர்களையே மாற்றி அமைத்தனர். நுழையும் வாயிலிலேயே அப்பத்தியை 'எழுத்து' என்று குறித்துவைத்தால் இத்தொல்லை இல்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். என் ஐந்து சோதனைகளும் வென்றன, நூல்களோ தொலைந்தன. இஃது எங்ஙனம்? நான் சோதனைக்கு எடுத்த 1, 2, 25 என்பன பதிவேட்டில் எங்குமே இல்லாத வடிவங்கள். நிரலுக்கு எது எளிதோ அதனையே அதற்கு உணவாக ஊட்டி, அது நன்கு செரித்தது என்று மகிழ்ந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொல்வது இதற்கு மிகப் பொருந்தும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் மற்றொரு பழமொழியும் உண்டு. ஆனால் ஒரே பானையில் ஒன்றாக வெந்த சோற்றுக்குத்தான் அது பொருந்தும். பல காலத்தில், பல கைகள், பல முறையில் எழுதிய குறிகள் ஒரு பானைச் சோறல்ல. ஒவ்வொரு வகையிலும் ஒன்றையேனும் எடுத்துப் பதம் பார்த்தல் வேண்டும்.

ஆகவே சோதனைகளை முதலில் எழுதிவிட்டு, அதன்பின் நிரலைத் திருத்தலானேன். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள மெய்யான குறிகளையே எடுத்தேன். முன்னே பூச்சியம் உடையது, 'ந' உடையது, கோடு விட்டுப்போனது, இடையே வெற்றிடம் புகுந்தது எனப் பலவும் அவற்றுள் இருந்தன. ஐ.எஸ்.பி.என். வகையில் 'எக்ஸ்' என்று முடிவதும், அதனைச் சிற்றெழுத்தில் எழுதியதும், 979-இல் தொடங்குவதும், ஈற்றிலக்கம் பிழைத்ததும் சேர்த்தேன். 0417-உம் ந/0417-உம் வேறுவேறாகவே நிற்கவேண்டும் என்பதற்கு ஒரு சோதனை. பத்தைப் பதின்மூன்றாக்கி மீண்டும் பத்தாக்கினால் புறப்பட்ட எண்ணே வந்து சேரவேண்டும் என்பதற்கு ஒன்று. ஏற்றிய பதிவுகளின் தொகையும் பதிவேட்டு வரிகளின் தொகையும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்கு மற்றொன்று. இவ்வொன்று முன்பே இருந்திருப்பின், அப்பெரியவர் வெறுங்கையோடு சென்றிரார். பழைய நிரலை இச்சோதனைகளின் முன் நிறுத்தினேன். பெரும்பாலானவற்றில் தோற்றது. அத்தோல்வியைக் கண்டு நான் கொண்ட ஆறுதல், முன்னே 'ஓகே' என்று கண்டபோதும் கொண்டதில்லை.

பிழையான குறியை என் செய்வது என்னும் ஐயம் மட்டும் எஞ்சியது. நூலிலேயே தவறாக அச்சிட்டிருந்தால் அதனைத் தள்ளிவிடலாமா? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் அம்மையார் 1960களில் தலைமை தாங்கி உருவாக்கிய மார்க் என்னும் பதிவுமுறை இதற்கு வழி காட்டிற்று. அதில் 020 என்னும் புலம் ஐ.எஸ்.பி.என்.-க்கு உரியது; செல்லாத எண்ணை அதனுள்ளேயே தனியறையில் வைப்பர். நூலின்மேல் உள்ளது எதுவோ அதனைக் கொண்டே ஒருவர் தேடி வரக்கூடும் ஆதலின், பிழையும் பிழையென்னும் குறிப்போடு காக்கப்படுகிறது. அம்முறையில் புலங்களின் பெயர்களே 001, 020 என்று பூச்சியத்தை முன்னிட்டு நிற்பதையும் காண்க. இதனைப் பின்பற்றி, ஒவ்வொரு குறியையும் எழுதியவாறே ஒரிடத்திலும், தேடுதற்கு ஒழுங்குசெய்த வடிவை வேறோரிடத்திலும் வைத்தேன். மூலத்தைத் தொடாமல் உரை எழுதும் மரபு தமிழர்க்குப் புதிதன்றே!

நூல்நிலையத் தொண்டை ஓர் இயலாகவே வளர்த்த சீர்காழி இரங்கநாதனார் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம், நூலும் அதனை நாடி வருவோரும் ஒருவரையொருவர் தடையின்றி அடையவேண்டும் என்பதே. அவ்வழியில் நின்ற தடை நான் நீக்கிய ஒரு பூச்சியமும் ஓரெழுத்தும் என்பதை எண்ணுந்தோறும் நாணுகிறேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக உள்ளதே என்று சிலர் என்னைத் தேற்றினர். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பன் கதையை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவனுக்கு அத்தேற்றம் உதவவில்லை.

வருகையேட்டில் இருந்த விலாசத்துக்குக் கடிதம் எழுதினேன். பிழை பொறியினுடையதன்று, என்னுடையதே என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, அதே குடையோடு அவர் வந்தார். நூலை எடுத்துக் கொடுத்தேன். பக்கங்களை மெல்லப் புரட்டிக்கொண்டே சென்றவர் ஓரிடத்தில் நின்று, அங்கிருந்த எழுத்தொன்றின்மேல் விரலை வைத்தார். "அப்பா ழகரத்தை இப்படித்தான் சுழிப்பார், தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மாலை மணி அடிக்கும்வரை படித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நூல்நிலையக் கணிப்பொறியில் உள்ள சோதனைக் கோப்பைத் திறந்து பார்ப்போர், அதன் முதல் வரியில் ந/0417 என்பதைக் காண்பர். பின்வரும் மாணவர் யாரேனும் என் நிரலை மாற்றியமைக்கலாம். என்னினும் திறமையாக எழுதலாம். அவ்வரியை மட்டும் நீக்காதிருக்குமாறு அவர்களை அன்போடு வேண்டிக்கொள்கிறேன்.